பஃபேயைக் கவிழ்த்தது யாருடைய பசி?

மினசோட்டாவில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, 600க்கும் மேற்பட்ட கிளைகளாகப் பெருகி, நான்கு முறை திவால் நீதிமன்றத்தின் படியேறிய பிறகு மறைந்தது ஓர் அமெரிக்கக் குடும்ப உணவகச் சங்கிலி. பழி மட்டும் சாப்பிட வந்தவர்கள் தலையில் விழுந்தது.

2004 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியை ஒட்டிய டெய்லர்ஸ்வில் என்ற ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போலீஸ் வந்தது. மாவுச்சத்தைத் தவிர்க்கச் சொல்லும் அட்கின்ஸ் உணவுமுறையைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி, தலைக்கு 8.99 டாலர் கட்டணத்தில் சக்-எ-ராமா என்ற பஃபே உணவகத்துக்கு வந்திருந்தார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு பக்கமே போகாமல் கணவர் மாட்டிறைச்சி வறுவலாகவே வாங்கிக்கொண்டிருக்க, 12ஆவது துண்டுக்கு அவர் தட்டை நீட்டியபோது மேலாளர் குறுக்கிட்டார். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வாக்குவாதம் முற்றியது. எங்களுடையது பஃபேதான், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நாங்கள் எப்போதும் சொன்னதில்லை என்று நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. செய்தி நாடெங்கும் பரவி, பலரைச் சிரிக்க வைத்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரே விலைக்கு அளவில்லாமல் போட்டால் கடை தாங்காது, பெருந்தீனிக்காரர்கள் என்றாவது ஒருநாள் அதை மூடவைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. பிற்பாடு பஃபே சங்கிலிகள் வரிசையாக விழுந்தபோது அதுவே தீர்ப்பாகவும் எழுதப்பட்டது. கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் வேறொரு கதை தெரிகிறது. அந்தக் கடைகளை அதிகம் தின்றது தட்டேந்தி நின்றவர்கள் அல்ல, கடன் பத்திரத்தோடு வந்தவர்கள்.

ஃப்ரிட்லியில் ஒரு கடை

பஃபே என்ற வடிவம் அமெரிக்காவுக்குப் பல வழிகளில் வந்தது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் நாட்டு அரங்கின் நீண்ட விருந்து மேசை அமெரிக்கர்களை ஈர்த்தது. 1940களில் லாஸ் வேகாஸின் எல் ராஞ்சோ வேகாஸ் ஹோட்டல், சூதாட வந்தவர்கள் இரவில் எழுந்து போய்விடாமல் இருக்க ஒரு டாலருக்கு அளவில்லா உணவு என்று அறிவித்தது. அங்கே சாப்பாட்டில் வரும் நஷ்டத்தைச் சூதாட்ட மேசை ஈடுகட்டிவிடும். அந்த ஊன்றுகோல் இல்லாமல், சாப்பாட்டை மட்டுமே விற்றுப் பிழைக்க வேண்டிய நிலையில் இருந்தவை புறநகர்க் குடும்ப பஃபேக்கள். அவற்றில் மிகப் பெரிதாக வளர்ந்தது ஓல்ட் கன்ட்ரி பஃபே. ரோ ஹாட்லன், டென்னிஸ் ஸ்காட் என்ற இருவர் 1983இல் 'பஃபேஸ்' என்ற நிறுவனத்தைப் பதிவுசெய்து, மறு ஆண்டு மினியாபொலிஸை அடுத்த ஃப்ரிட்லியில் முதல் கடையைத் திறந்தார்கள். 1985க்குள் நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுவிட்டது. மினசோட்டாவும் அதைச் சுற்றியுள்ள மத்திய மேற்கு மாநிலங்களும் அதன் சொந்த மண். வறுத்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, வேகவைத்த சோளம் என்று அந்தப் பகுதி வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல்தான் அங்கே கிடைத்தது. பெயர் தெரியாத பண்டம் எதுவும் இருக்காது. வாசலிலேயே பணம் கட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அதற்குப் பிறகு பில் என்று ஒன்று மேசைக்கு வராது.

இது எப்படிக் கட்டுப்படியாகும் என்ற கேள்விக்கு, அன்லிமிடெட் மீல்ஸ் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அதிக விளக்கம் தேவையில்லை. சோறும் சாம்பாரும் எத்தனை முறை கேட்டாலும் வரும், கூட்டு சின்னக் கரண்டியில் வரும், அப்பளம் ஒன்றோடு நின்றுவிடும். அமெரிக்க பஃபேயின் கணக்கும் அதேதான். வரிசையின் தொடக்கத்தில் ரொட்டி, சாலட், சூப், பாஸ்தா. விலை குறைந்த, வயிற்றை நிரப்புகிற பண்டங்கள். விலை கூடிய இறைச்சி கடைசியில், அதுவும் ஓர் ஊழியரின் கைக்குள். பரிமாறுபவர்களின் சம்பளம் பெருமளவு மிச்சம். 50 வகைப் பண்டங்கள் இருப்பதுபோல் தெரிந்தாலும் அடிப்படைப் பொருள்கள் சில மட்டுமே. மொத்தமாக வாங்கும்போது விலை இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சராசரி. நான்கு பேர் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகும் கல்லூரி மாணவனுக்குப் பக்கத்து மேசையில், அரைக் கிண்ணம் சூப்போடு எழுந்துவிடும் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். இருவர் கொடுத்ததையும் கூட்டிப் பார்ப்பவர்தான் முதலாளி. டெய்லர்ஸ்வில்லில் 12 துண்டு கேட்டவர் அன்றைய ஒரு தட்டின் லாபத்தைக் கெடுத்திருக்கலாம். அந்த வாரக் கணக்கை அவரால் அசைத்திருக்க முடியாது.

ஓல்ட் கன்ட்ரி பஃபே இந்தக் கணக்கில் செய்த திருத்தம் கவனிக்கத்தக்கது. பழைய காஃபிடேரியாக்களில் ஒரே நீள வரிசை. முன்னால் நிற்பவர் எதை எடுப்பது என்று யோசித்தால் பின்னால் 20 பேர் காத்திருக்க வேண்டும். ஹாட்லனும் ஸ்காட்டும் அந்த வரிசையை உடைத்துத் தனித்தனித் திட்டுகளாகக் கூடத்தில் பரப்பினார்கள். சாலட் ஓரிடம், சூடான உணவு ஓரிடம், இனிப்பு ஓரிடம். பண்டத்தைப் பெரிய அண்டாவில் சமைத்து மணிக்கணக்கில் சூட்டில் வைக்காமல், சிறுசிறு ஈடாகச் சமைத்துத் தட்டம் காலியாகக் காலியாக மாற்றினார்கள். இதனால் உணவு புதிதாக இருந்தது. அதைவிட முக்கியமாக, கடை மூடும் நேரத்தில் குப்பைக்குப் போவது குறைந்தது. இறைச்சி வெட்டும் மேடையைச் சற்று நின்று பார்த்தால் மொத்த வித்தையும் புரிந்துவிடும். மேலே சூட்டு விளக்கு, கீழே பலகையில் முழு மாட்டிறைச்சித் துண்டம், பின்னால் வெள்ளைத் தொப்பி அணிந்த ஊழியர். நீண்ட கத்தியால் மெல்லிதாகச் சீவி, ஒரு துண்டைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். இன்னொன்று கேட்டால் மறுக்க மாட்டார், சிரித்துக்கொண்டே வைப்பார். ஆனால் கேட்க வேண்டும். எத்தனையாவது முறை கேட்கிறோம் என்ற கூச்சம் பெரும்பாலானோரை இரண்டாவது துண்டோடு நிறுத்திவிடும். அளவில்லாச் சாப்பாட்டின் அளவுகோல் அந்தக் கூச்சம்தான்.

வளர்ந்தது கடையா, கடனா?

இப்படி நிதானமாகக் கட்டப்பட்ட வியாபாரம் ஏன் விழுந்தது? டென்னிஸ் ஸ்காட் இடையில் பிரிந்துபோய் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் ஹோம்டவுன் பஃபே என்ற சங்கிலியைத் தொடங்கியிருந்தார். 1996இல் இரண்டும் இணைந்தன. அதுவரை நடந்தது வியாபாரத்தின் இயல்பான வளர்ச்சி. 2000இல் கேக்ஸ்டன்-ஐஸ்மன் என்ற நியூயார்க் முதலீட்டு நிறுவனம் பஃபேஸைப் பங்குச் சந்தையிலிருந்து விலைக்கு வாங்கியது. இத்தகைய கொள்முதல்களில் வாங்குபவர் தன் கையிலிருந்து போடுவது ஒரு பகுதிதான். மீதி கடன், அந்தக் கடன் வாங்கியவர் பெயரில் இருக்காது, வாங்கப்பட்ட நிறுவனத்தின் கணக்கில் ஏறும். அதாவது, தன்னை விற்றதற்கான வட்டியைக் கடையே கோழி விற்றுக் கட்ட வேண்டும். அந்தச் சுமை இறங்குவதற்குள், 2006இல் தென் கரோலினாவின் ரையன்ஸ் சங்கிலியை, அதன் கடனையும் சேர்த்து, சுமார் 87 கோடி டாலருக்கு பஃபேஸ் வாங்கியது. ரையன்ஸின் பெரிய பலம், பெரும்பாலான கடைகள் நிற்கும் நிலம் அதற்கே சொந்தமாக இருந்ததுதான். வாங்கிய கையோடு அந்த நிலங்களில் பெரும்பகுதியை விற்று, விற்ற கட்டடங்களிலேயே வாடகைக்கு உட்கார்ந்துகொண்டார்கள். நிலம் விற்ற பணம் ரையன்ஸை வாங்கிய செலவுக்குப் போனது. கடைகளுக்கு மிஞ்சியது வாடகை ஒப்பந்தம்.

மிகக் குறைந்த லாப விகிதத்தில் நடக்கும் உணவகத்துக்கு நிலம் சொந்தமாக இருப்பது ஒரு மெத்தை. வியாபாரம் மந்தமான ஆண்டில் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு காலம் தள்ளலாம். வாடகையும் வட்டியும் அப்படிப்பட்டவை அல்ல. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும். 2008 ஜனவரியில், ரையன்ஸை வாங்கி 15 மாதம்கூட ஆகாத நிலையில், 600க்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்த பஃபேஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்தில் நின்றது. அப்போது அதன் பொறுப்புகள் 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தன. கடன்காரர்களுக்குப் பங்கு கொடுத்து மீண்டு 2009இல் வெளியே வந்தது. 2012 ஜனவரியில் மறுபடியும் அதே வாசல். இம்முறை சுமார் 80 கடைகளுக்குப் பூட்டு. கை மாறி, பெயர் மாறி, 2016இல் மூன்றாவது முறை. அப்போது பல ஊர்களில் வேலைக்கு வந்த ஊழியர்கள், கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தங்கள் வேலை போனதைத் தெரிந்துகொண்டார்கள். 2021 ஏப்ரலில் நான்காவது முறை நீதிமன்றம் போனபோது காப்பாற்றுவதற்கு அநேகமாகப் பெயர்கள் மட்டுமே மிச்சமிருந்தன.

மறுப்புகளைப் பார்ப்போம்

2008ஐக் கடனின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2007–08இல் கோதுமை, சோளம், எண்ணெய் எல்லாம் விலையேறின. அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியம் 2007 தொடங்கி மூன்று படிகளில் மணிக்கு 5.15 டாலரிலிருந்து 7.25 டாலருக்கு உயர்ந்தது. பெட்ரோல் விலை ஏறியபோது, புறநகரிலிருந்து காரோட்டி வந்து சாப்பிடும் நடுத்தரக் குடும்பம் முதலில் வெட்டியது அந்தச் செலவைத்தான். இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த அடி அந்த ஆண்டில் எல்லா உணவகங்கள் மீதும் விழுந்தது. வட கரோலினாவில் 1973இல் தொடங்கிய கோல்டன் கொரால், அதே பஃபே, அதே வாடிக்கையாளர்கள், அதே கோழி விலை. அதுவும் சுருங்கியது, ஆனால் நிறுவனம் திவாலாகவில்லை. அதன் உரிமை நிறுவனரின் குடும்பத்தோடு நெருக்கமாக இருந்து வந்திருக்கிறது. வாங்கி விற்றுக் கைமாற்றும் விளையாட்டில் அது சிக்கவில்லை. மழை எல்லோர் வீட்டிலும் பெய்தது. கூரையைப் பிரித்து விற்றிருந்தவர்கள் நனைந்தார்கள்.

ரசனை மாறிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. இது இன்னும் வலுவானது. சிப்போட்லே, பனேரா போன்ற கடைகள் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. கண்ணெதிரே செய்து தரும் ஒரு கிண்ணம், 50 வகைத் தட்டத்தைவிட மதிப்பாகத் தெரியத் தொடங்கியது. பஃபேயின் வாடிக்கையாளர்களுக்கு வயதாகிக்கொண்டே போனது. அவர்களை அழைத்துவந்த வணிக வளாகங்களும் காலியாயின. இதை மறுப்பதற்கில்லை, கடனே இல்லாவிட்டாலும் 2020களில் 600 ஓல்ட் கன்ட்ரி பஃபேக்கள் இருந்திருக்காது. ஆனால் 600லிருந்து 200ஆகச் சுருங்குவதும் பூஜ்யமாவதும் ஒன்றல்ல. ரசனை மாற்றம் மெதுவாக நடப்பது. அதற்கு ஏற்பப் புது அடுப்பு வாங்கவும், கூடத்தைப் புதுப்பிக்கவும், ருசியை மாற்றிப் பார்க்கவும் கையில் காசு வேண்டும். வட்டி கட்டியே தீர்ந்துபோகும் நிறுவனத்தில் கிழிந்த இருக்கைகூட மாறாது. கிழிந்த இருக்கையைப் பார்த்து வாடிக்கையாளர் வராமல் போனதை ரசனை மாற்றம் என்று பெயரிட்டுவிடுவது சுலபம். மறுபுறம், 1966இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கிய சக்-எ-ராமாவைப் பாருங்கள். உலகமே கேலி செய்த அந்தக் கடை, யூட்டாவையும் பக்கத்து ஐடஹோவையும் தாண்டிப் பறக்க ஆசைப்படாமல், கைவிரல்களில் ஏறக்குறைய எண்ணிவிடக்கூடிய கிளைகளோடு இன்றும் நடக்கிறது. யூட்டா அமெரிக்காவிலேயே பெரிய குடும்பங்கள் வாழும் மாநிலம். அந்தச் சாதகம் மற்ற ஊர்களுக்குக் கிடையாது. ஒரு கடையை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனாலும் பஃபே என்ற வடிவமே செத்துவிட்டது என்பவர்களுக்கு அது பதில்.

கொரோனா? 2020 வசந்தத்தில், தானே எடுத்துச் சாப்பிடும் முறையை நிறுத்தும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைத்ததும் பஃபேயின் உயிர்நாடியே அறுந்தது. சான் டியேகோவில் 1978இல் பிறந்த சூப்பிளான்டேஷன், வேறு மாநிலங்களில் ஸ்வீட் டொமேட்டோஸ் என்ற பெயரில் நடந்த சாலட் பஃபே, அந்த மே மாதம் 97 கடைகளையும் மூடியது. 4,400 பேருக்கு வேலை போனது. இதைக் கிருமியின் கணக்கில் எழுதுவதே முறை. ஆனால் அதுவும் முதலீட்டு நிறுவனங்களின் கைகளில் மாறி மாறி, 2016இல் ஏற்கெனவே ஒரு முறை திவாலானது என்பதை மறக்கக் கூடாது. கோல்டன் கொரால் அதே வாரங்களில் கரண்டியை ஊழியர் கையில் கொடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பரிமாற வைத்தது. அதன் உரிமக் கிளைகள் சிலவற்றை நடத்தியவர்கள் திவாலானார்கள், நிறுவனம் தாக்குப்பிடித்தது. இன்றும் 300க்கும் மேற்பட்ட கடைகளில் வரிசை நிற்கிறது. தொற்றுநோய் பலவீனமானவர்களைத் தேடிப் பிடித்தது. பலவீனம் அதற்கு முன்பே வந்திருந்தது.

பஃபே அல்லாத ஒரு கடையின் அண்மைக் கதை இந்த வாதத்தை இன்னும் துலக்கமாக்கும். ரெட் லாப்ஸ்டர் என்ற கடலுணவுச் சங்கிலி 2023இல் 20 டாலருக்கு அளவில்லா இறால் என்பதை நிரந்தரச் சலுகையாக்கியது. 2024 மே மாதம் திவாலானது. இறால் தின்றே கடையைக் காலி செய்துவிட்டார்கள் என்று தொலைக்காட்சிகள் சிரித்தன. நிறுவனம் நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு வேறு. இறால் சலுகையால் வந்த இழப்பு சுமார் 1.1 கோடி டாலர். ஓராண்டு வாடகை 19 கோடி டாலருக்கு மேல். 2014இல் கோல்டன் கேட் என்ற முதலீட்டு நிறுவனம் ரெட் லாப்ஸ்டரை வாங்கியபோது சுமார் 500 கடைகளின் நிலம் 150 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அன்றிலிருந்து சொந்த வீட்டிலேயே குடக்கூலி கட்டிய சங்கிலி அது. சலுகையில் தவறு இருந்தது, நிர்வாகத்திலும் தவறு இருந்தது. ஆனால் தலைப்புச் செய்தி 1.1 கோடிக்கு எழுதப்பட்டது, 19 கோடி அடிக்குறிப்பாகிப்போனது.

சாப்பிடுபவர்களைக் குற்றவாளியாக்கும் இந்தப் பழக்கத்துக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க், பஃபேயில் மக்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி எழுதிய கட்டுரைகள் ஊடகங்களில் பெரும் வரவேற்பைப் பெற்றன. ஓர் இத்தாலிய பஃபேயில் திரட்டிய தரவை வைத்து எழுதிய நான்கு கட்டுரைகளில் மட்டும் சுமார் 150 எண் முரண்பாடுகள் இருப்பதை 2017இல் மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆய்வு நெறி மீறல் நடந்ததாகப் பல்கலைக்கழகம் 2018இல் அறிவித்தது, அவர் பதவி விலகினார். கொடுத்த காசுக்கு வஞ்சம் தீர்ப்பதுபோல் மனிதர்கள் தின்பார்கள் என்று அடித்துச் சொல்லுமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

எதை இழந்தார்கள்?

போனால் போகட்டுமே, இது என்ன பெரிய இழப்பா என்று கேட்பவர்களும் உண்டு. உப்பும் கொழுப்பும் நிறைந்த சாப்பாடு, தட்டில் மிஞ்சி வீணாகும் உணவு, உடல்பருமனோடு போராடும் ஒரு நாடு. இந்தக் குற்றச்சாட்டுகளில் நியாயம் இருக்கிறது. சிறு ஈடாகச் சமைத்தாலும் பஃபேயில் வீணாவது வீணாகத்தான் செய்கிறது. ஆனால் அதன் இடத்துக்கு வந்தது கீரையும் பழமும் அல்ல. காருக்குள்ளேயே பொட்டலத்தைப் பிரித்துத் தனியாகத் தின்னும் துரித உணவுதான் பெரும்பாலும் வந்தது. பஃபேயில் சாலட் மேசையாவது இருந்தது. அதைவிட, அங்கே ஒரு மேசை இருந்தது. மூன்று தலைமுறை ஒன்றாக உட்காரும்; குழந்தைக்குக் குறைந்த கட்டணம், முதியவருக்குச் சலுகை; பல் போன தாத்தாவுக்கு மசித்த உருளைக்கிழங்கு, பிடிவாதம் பிடிக்கும் பேரனுக்குக் குழாயைத் திருகினால் சுழன்று விழும் ஐஸ்கிரீம். விலைப் பட்டியலைப் பார்த்து எதைத் தவிர்ப்பது என்று கணக்குப் போட வேண்டாம். ஆறு பேர் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்பது வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிப்பவருக்கு அந்த முன்கூட்டிய நிச்சயம்தான் மரியாதை.

இது வெறும் ஏக்கம் அல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. மாக்சிம் மாசென்காஃப், நேதன் வில்மர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கைபேசி இருப்பிடத் தரவுகளைக் கொண்டு, அமெரிக்காவில் ஏழைகளும் வசதியானவர்களும் எங்கே ஒரே கூரையின் கீழ் சந்திக்கிறார்கள் என்று 2023இல் ஆராய்ந்தார்கள். தேவாலயம், பூங்கா, நூலகம், பள்ளி ஆகியவை அவரவர் வட்டாரத்தையே பிரதிபலித்தன. வர்க்கங்கள் அதிகம் கலந்த இடங்களாகத் தெரிந்தவை ஆலிவ் கார்டன், ஆப்பிள்பீஸ் போன்ற, உட்கார்ந்து சாப்பிடும் நடுத்தர விலைச் சங்கிலி உணவகங்கள். அந்த ஆய்வு பஃபேயைத் தனியாகப் போற்றவில்லை; ஆனால் அது விவரிக்கும் இடத்தின் சாயல், ஓல்ட் கன்ட்ரி பஃபேயில் சாப்பிட்ட எவருக்கும் தெரிந்ததுதான். லாரி ஓட்டுநரும் வங்கி மேலாளரும் ஒரே கரண்டியைப் பிடித்த இடம் அது.

முதலீட்டுப் பணம் இல்லாவிட்டால் ஃப்ரிட்லியின் ஒரு கடை 600 ஆகியிருக்குமா என்பது கடைசி மறுப்பு. ஆகியிருக்காது என்பதே நேர்மையான பதில். ஆனால் மினசோட்டாவின் ருசியை மினசோட்டாவுக்குச் சமைத்த ஒரு சங்கிலி, தென் கரோலினாவின் நிலத்தை விற்கும் அளவுக்கு வளர்ந்திருக்கத்தான் வேண்டுமா என்பது அதைவிட நல்ல கேள்வி. ஒரு வட்டாரத்தின் நாக்கையும் குடும்ப அளவையும் சம்பள நாளையும் தெரிந்து வைத்திருப்பதுதான் இத்தகைய கடையின் மூலதனம். அந்த அறிவைச் சங்கிலி பரவியிருந்த 39 மாநிலங்களுக்கு நகலெடுக்க முடியாது, கடனை மட்டும் எடுக்க முடியும். இந்தியாவிலும் இந்த வடிவம் வேரூன்றிவிட்டது. 2006இல் மும்பையில் தொடங்கிய பார்பிக்யூ நேஷன் 2021இல் பங்குச் சந்தைக்கு வந்தது. சென்னையிலும் பிறந்தநாள் கூட்டம் அங்கே நிறைகிறது. நாளை இங்கே ஒரு பஃபே சங்கிலி தடுமாறினால், பக்கத்து மேசைக்காரர் எத்தனை முறை எழுந்து போனார் என்று எண்ணுவதில் பயனில்லை. கடை நிற்கும் நிலம் யாருடையது, அதன் பெயரில் எவ்வளவு கடன் ஏறியிருக்கிறது, அந்தக் கடன் யாருடைய லாபத்துக்காக வாங்கப்பட்டது என்ற மூன்றையும் விசாரித்தால் போதும், பதில் கிடைத்துவிடும்.